மாயக்காளுக்குப் பத்து நாள்

தாழையூத்து,
கம்பம் வழி,
22.2.1987

அன்பு மகள் சந்தனத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி சுருளியும் நீ விட்டுப்போனபடியே இருக்கிறோம். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ராத்திரி வார்டில் போட்டிருக்கிறார்கள், பகலில் தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஜன்னலில் பழைய சேலை ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்துப் பார். ஹாஸ்டல் குழம்பு பிடிக்காவிட்டால் மோர் ஊற்றியாவது வயிறு நிறையச் சாப்பிடு. நர்ஸ் வேலை நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கால் ஓய்ந்துபோனால் படிப்பு ஏறாது.

தோட்டத்தில் திராட்சை இந்தத் தடவை பரவாயில்லை. கொடியைக் கவாத்து வெட்டிய பிறகு காலம் தப்பிப் பெய்த மழையில் மேற்கு ஓரப் பந்தலில் கொஞ்சம் சாம்பல் நோய் தட்டியது. மருந்தடித்துவிட்டேன். கம்பத்திலிருந்து வியாபாரி வந்து பார்த்தார். இனிப்பு ஏறட்டும், பிறகு விலை பேசலாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கொத்தை மட்டும் பறித்துக்கொண்டு போனார்.

இனி டவுன் பஞ்சாயத்து விஷயம். இதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

என்னோடு மெம்பராக இருக்கிற சண்முகத்தாய் அம்மாவை உனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருப்பவர். போன மாதம் கீழத்தெரு முத்துப்பேச்சி அவர் கடைக்கு அரிசி வாங்கப் போயிருக்கிறாள். அவளுடைய மகளைப் பார்த்திருப்பாய், நிலை தெரியாமல் ஓடி எதிலாவது முட்டிக்கொள்ளும் பிள்ளை. எங்கே அந்தப் பிள்ளை என்று சண்முகத்தாய் அம்மா கேட்டதற்கு, கட்டில் காலில் கட்டிப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன், சீக்கிரம் நிறுத்துப் போடுங்கள் என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. போர்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். புது ஆஸ்பத்திரி வந்த பிறகு பழைய பிரசவ விடுதி சும்மா பூட்டிக் கிடக்கிறது அல்லவா, அதை வெள்ளையடித்து, இரண்டு ஆயாக்களைப் போட்டு, கை கால் விளங்காத பிள்ளைகள், புத்தி வளராத பிள்ளைகளைப் பத்துப் பத்து நாளாக அங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது. அந்தப் பத்து நாளில் பெற்றவர்கள் அறுவடை பார்க்கட்டும், வைத்தியம் பார்க்கட்டும், இல்லாவிட்டால் சும்மா படுத்துத் தூங்கட்டும். ஆயா சம்பளத்தையும் சாப்பாட்டுச் செலவையும் பஞ்சாயத்துப் பொது நிதியிலிருந்து கொடுப்பது. இதுதான் தீர்மானம்.

சண்முகத்தாய் அம்மா எழுந்து பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். "ஒரு பொம்பள பெத்த பிள்ளையக் கட்டிப்போட்டுட்டுத்தான் அரிசி வாங்க வரணும்னா நம்ம போர்டு எதுக்கு இருக்கு? தெருவுல லைட்டு எரிஞ்சா மட்டும் போதுமா? இன்னொரு வீட்டுல பதினாலு வயசுப் பிள்ளை. நடக்க மாட்டான், பேச மாட்டான். பெத்தவதான் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, தொடச்சு விடணும். பிள்ளை வளர வளர அவ இடுப்பு ஒடிஞ்சுக்கிட்டு வருது" என்றார். மாயக்காள் என்று உன் அம்மா பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பலவேசம் எழுந்தார். கமிஷன் கடைப் பலவேசம், மூன்றாவது வார்டு மெம்பர். "இது யாரு வீட்டுக்காகன்னு எங்களுக்குத் தெரியாதாக்கும்? மொக்கைச்சாமி தன் வீட்டுப் பிள்ளைக்கு ஊர்க் காசுல ஆயா வைக்கப் பாக்குறாரு. அவரு பேச வேண்டியத இந்த அம்மா பேசுறாக" என்றார். நாலைந்து பேர் ஆமா ஆமா என்றார்கள். தீர்மானம் விழுந்துவிடும் போலிருந்தது.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்று, "என் வீட்டுப் பிள்ளை அங்கன வராது. இதை மினிட்டுல எழுதிக்கங்க. மத்த பிள்ளைகளுக்காக இதை நிறைவேத்துங்க" என்றேன். கூட்டம் அடங்கிப்போனது. பிறகு கைதூக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு ஓட்டு அதிகமாகி நிறைவேறிவிட்டது. தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மெம்பர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சுருளிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாரும் கைதட்டுனாகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுருளியின் வாயைத் துடைத்துவிட்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் உனக்கு முறுக்கும் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். சின்னமனூரிலிருந்து ஒருவர் கோயம்புத்தூருக்கு உங்கள் பக்கம் வருகிறார். உடம்பைப் பார்த்துக்கொள். குலதெய்வம் துணை இருக்கட்டும்.

உன் அப்பா,
மொக்கைச்சாமி


தாழையூத்து,
19.4.1987

ஆத்தா சந்தனம்,

உன்னுடைய இரண்டு கடிதங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் கடிதத்தில் நாலே வரி எழுதியிருந்தாய். அந்தப் பத்து நாள் அம்மாவுடையது, அதை ஊருக்கு விட்டுக்கொடுக்க நீங்கள் யார், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று. எனக்குக் கோபம் வந்தது. அதனால்தான் ஒரு மாதம் பதில் போடவில்லை. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் ஒரு கார்டு போட்டேன். அதற்கு நீ, படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வருகிறேன், பிரின்சிபாலிடம் சொல்லியாகிவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். முதலில் பெட்டியை அவிழ்த்து வை. இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி.

ஒரு தகப்பன் மகளுக்கு எழுதுகிற விஷயம் இல்லை இது. நீ நர்ஸுக்குப் படிப்பதால் எழுதுகிறேன். பங்குனித் திருவிழாவுக்கு முந்தின வாரம் சுருளியைக் குளிப்பாட்டித் தூக்கும்போது அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. நான் தோட்டத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டார் போய்ச் சண்முகத்தாய் அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறார்கள், அவர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைக் கையோடு அழைத்து வந்திருக்கிறார். நான் வந்தபோது நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கர்ப்பப்பை இறங்கியிருக்கு. இன்னைக்கு நேத்து இல்ல. வருசக்கணக்கா துணிய வச்சுக் கட்டிக்கிட்டு அந்த அம்மா வேலை பாத்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அம்மாவிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே, "சொன்னா நீங்க என்ன செய்வீக? நீங்க தூக்குவீகளா?" என்றாள்.

பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்று பெரிய டாக்டரம்மா சொன்னார். பத்துப் பன்னிரண்டு நாள் படுக்கை, அதற்குப் பிறகு மூன்று மாதம் குடம்கூடத் தூக்கக் கூடாதாம். மே மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அம்மா முடியாது என்றுவிட்டாள். பிள்ளையை எங்கன விட்டுட்டு வந்து படுக்க என்கிறாள். கோம்பையிலிருந்து பெரியம்மா வந்து நாலு நாள் இருந்து பார்த்தார். சுருளி இப்போது நல்ல கனம். அவருக்கும் மூட்டு வலி. பாவம், தூக்க முடியாமல் அழுதுவிட்டுப் போனார்.

அதற்குள் பிரசவ விடுதியை வெள்ளையடித்துத் திறந்துவிட்டார்கள். கீழத்தெரு முத்துப்பேச்சியின் மகள் முதலில் போயிருக்கிறாள். தோட்டத்துக்குப் போகிற வழியில் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். ஒருநாள் முத்துப்பேச்சி எதிரில் வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. "உங்க புண்ணியம் மெம்பரே, நேத்து நல்லாத் தூங்குனேன்" என்றாள். தோட்டத்துக்குப் போகாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மெம்பராக இருந்துகொண்டு வாக்குமாறிச் சுருளியை அங்கே சேர்க்க முடியாது என்று, மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். தலைவருக்கு மனசு கேட்கவில்லை. "இதுக்காகப் பதவிய விடுவாகளா? பிள்ளைய உங்க மச்சினன் பிள்ளைன்னு எழுதிச் சேத்துக்குவோம். யாரு கேக்கப் போறா?" என்றார். "வேண்டாம் தலைவரே. என் பிள்ளைன்னே எழுதுங்க" என்றேன். நிர்வாக அதிகாரி மினிட் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் வீட்டுப் பிள்ளை வராது என்றுதானே சொல்லியிருக்கிறீர்கள், மெம்பராக இல்லாவிட்டாலும் வீடு அதே வீடுதானே என்று கேட்டார். நல்ல மனிதர்தான், வேலை அப்படி. அங்கே இருந்த சண்முகத்தாய் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த வார்த்தைய மெம்பரு சொன்னாரு. அந்த மெம்பரு இப்ப இல்ல. இவரு ஒரு பிள்ளையோட தகப்பன், மனு கொண்டுவந்திருக்காரு. வாங்கி வைங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அன்னைக்கே நான் கண்ணைக் காட்டுனேன். நீங்கதான் பாக்காம எந்திரிச்சிட்டீக" என்றார்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஆபரேஷன் தேதிக்கே சுருளிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பலவேசம் டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "நான் சொன்னேன்ல, கடைசியில இவரு பிள்ளைதான் அங்கன போய்ப் படுக்கும்னு" என்றார். அவர் சொன்னதும் நடந்ததும் ஒன்றாகத்தான் இருக்கிறது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மெம்பர் வேலையை விட்டதை அம்மாவிடம் சொன்னபோது சிரித்தாள். ரொம்ப நாளாயிற்று அவள் சிரித்து. "மெம்பர் பொண்டாட்டின்னு குழாயடியில என்னைய முன்னாடி விடுவாளுக. இனி நானும் வரிசையில நிக்கணும்" என்றாள். பிறகு, ஆஸ்பத்திரிக்கு எத்தனை சேலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள்.

ஆகவே நீ வர வேண்டாம் தாயி. பிரின்சிபாலிடம் போய், அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று சொல். நான் சொல்வதை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். இந்த ஒரு தடவை நம்பு.

உன் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்,
அப்பா


பெரியகுளம்,
17.5.1987

அன்பு மகளுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. நீ பயப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, தையல் காய்கிறது. நீ எழுதிக் கேட்டிருந்த கேள்விகளையெல்லாம் டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். மகள் நல்லாப் படிக்கிறாள் போலிருக்கிறது என்றார்.

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. படிப்பை விடவில்லை என்று ஒரு வரிதான் எழுதியிருந்தாய், அது போதும்.

சுருளியைக் கொண்டுபோய் விட்ட கதையைச் சொல்கிறேன். தள்ளுவண்டியில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து நானே தள்ளிக்கொண்டு போனேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அவனை இத்தனை பேர் பார்த்ததே அன்றைக்குத்தான் இருக்கும். பஸ் ஹாரன் அடித்தபோது ஒரு சத்தம் கொடுத்தான் பார், சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவாக இருந்தால் தெரிந்திருக்கும். அம்மா வாசலில் நின்றவள் எங்கள் கூட வரவில்லை. வந்தால் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்றாள்.

அங்கே அக்கம்மாள் என்று ஒரு ஆயா. மேகமலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு இறங்கி வந்தவள். அவளைவிட வயது குறைந்த இன்னொருத்தியும் இருந்தாள், அவள் மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். முதல் நாள் சுருளி ஒரு வாய்கூட விழுங்கவில்லை. கொடுத்த கஞ்சியெல்லாம் கழுத்து வழியாக இறங்கிவிட்டது. அன்றைக்கே அம்மாவைப் பெரியகுளத்தில் சேர்த்து, ஆபரேஷன் முடிந்ததும் பெரியம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு ராத்திரி நான் திரும்பியிருந்தேன். அக்கம்மாள் என்னைக் கூப்பிட்டு, "இவனுக்கு எப்படிங்க ஊட்டணும்? எந்தப் பக்கமாப் படுப்பான்? வெளிக்கு வந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. பதினாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்.

மறுநாள் விடியக் காலை பஸ் பிடித்துப் பெரியகுளம் வந்தேன். அம்மா மயக்கம் தெளிந்து படுத்திருந்தாள். கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "தலைய இடது கையில தாங்கணும். தாடைய லேசா அழுத்தணும். வலது கடவாயில குடுங்க, இடது பக்கம் அவனுக்கு விழுங்க வராது. கஞ்சி ஆறிறக் கூடாது. பேசிக்கிட்டே குடுக்கணும். பேச்சு நின்னா வாயை மூடிக்குவான்." என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "எதையாச்சும் பேசுங்க. நான் அன்னன்னைக்கு நடந்ததெல்லாம் அவன்கிட்டதான் சொல்லுவேன்" என்றாள்.

அன்று மத்தியானம் திரும்பிப் போய் அக்கம்மாளிடம் சொன்னேன். நீங்களே குடுத்துப் பாருங்க, நான் பாத்துக்கிடுறேன் என்றாள். தலையைத் தாங்கிக்கொண்டேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. மேற்குப் பந்தலில் சாம்பல் நோய் விழுந்ததைச் சொன்னேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று சொன்னேன். கம்பத்து வியாபாரி விலையை இறக்கியதைச் சொன்னேன். சந்தனம், அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தான். அக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கேயும் அங்கேயுமாக அலைகிறேன். அக்கம்மாள் கேட்பதை இங்கே கொண்டுவருவேன், அம்மா சொல்வதை அங்கே கொண்டுபோவேன். எல்லாமே நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது ஆயா போன பிறகு அக்கம்மாள் ஒருத்தியால் ஐந்து பிள்ளைகளைப் பார்க்க முடியவில்லை. சுருளி ஒரே பக்கமாகப் படுத்திருந்து இடுப்பில் தோல் சிவந்து புண் வைத்துவிட்டது. இதை அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். நான் சுருளியை வீட்டுக்குத் தூக்கிப் போய்விடட்டுமா என்றேன். "வேணாம். திருப்பிப் போடச் சொல்லுங்க. தேங்காய் எண்ணெய் தடவுங்க. ரெண்டு நாள்ல ஆறிடும். நான் பாக்காத புண்ணா?" என்றாள். சண்முகத்தாய் அம்மா இப்போது தன் கடை வேலைக்காரப் பெண்ணைக் காலையில் அனுப்பிவைக்கிறார். புது ஆயாவுக்குச் சொல்லியிருக்கிறார்களாம். புண் ஆறிவிட்டது, நேற்றுப் பார்த்தேன்.

அம்மாவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். ஆபரேஷன் ஆனதிலிருந்து ஓயாத தூக்கம். எழுப்பிச் சாப்பிடவைத்தால் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறாள். நான் பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, தூங்குகிறார், அவ்வளவுதான், விடுங்கள் என்றார்.

முந்தாநாள் விழித்துக்கொண்டிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "நேத்து முழுக்கச் சுருளி நெனப்பே எனக்கு வரலைங்க. அது பாவமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

நான் சரியாகத்தான் சொன்னேனா என்று நீ எழுது.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சுருளியும் அன்றைக்கே வருகிறான். தூக்குவது இனி என் வேலை. எப்படிக் குனிந்து தூக்க வேண்டும் என்று நீ படம் போட்டு அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்து நெல் மூட்டையை வைத்துப் பழகினேன். மூட்டை கையைக் காலை உதைக்காது என்பதுதான் வித்தியாசம்.

நீ நன்றாக இருக்க வேண்டும் தாயி.

அப்பா


தாழையூத்து,
30.8.1987

அன்பு மகள் சந்தனத்துக்கு,

பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாய் என்று தெரிந்து சந்தோஷம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சுருளிக்கும் சொன்னேன். இப்போதெல்லாம் அவனுக்கு ராச் சோறு நான்தான் கொடுக்கிறேன். அதனால் உன் பரீட்சை, வாய்க்கால் தண்ணீர், உர விலை எல்லாம் அவனுக்குத் தெரியும்.

பெரியாற்றுத் தண்ணீர் வந்து வயலில் நடவு முடிந்துவிட்டது. வேலைக்குப் போகுமுன் அவனைக் குளிப்பாட்டித் திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறேன். மத்தியானம் ஒருதடவை வந்து தூக்கி உட்காரவைப்பேன். முதல் மாதம் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. ஒருநாள் அவனோடு சேர்ந்து நானும் குளியல் கல்லில் வழுக்கி விழுந்தேன். அவனுக்கு அடியில்லை. அம்மா ஓடிவந்து தூக்கப் போனாள், தொடாதே என்று கத்திவிட்டேன். அவள் நின்றுகொண்டே அழுதாள். இப்போது பழகிவிட்டது. அவளுக்கு இன்னும் என் கைமேல் நம்பிக்கை இல்லை, வாசல் நிலையில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

என் வார்டுக்கு இடைத்தேர்தல் நடந்தது. பலவேசத்தின் அக்காள் மகன் ஜெயித்திருக்கிறான். போன மாதக் கூட்டத்தில் விடுதிக்குப் பணம் தொடர்ந்து கொடுப்பதா என்று பேச்சு வந்தது. நான் வெளியே வராந்தாவில் மற்ற பெற்றவர்களோடு நின்றேன். உள்ளே பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. திருவிழாப் பந்தலுக்குப் பணம் போதவில்லை, இதை நிறுத்தலாம் என்று பலவேசம் சொன்னார். அவர் அக்காள் மகன் சின்ன வயது, புதுசு. அவன் எழுந்து, "மாமா, ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போனப்ப எங்கன போனாலும் பொம்பளைக இதத்தான் கேட்டாக. நிறுத்துனோம்னா அடுத்த தடவை நம்மளத் தெருவுக்குள்ள விட மாட்டாக" என்றான். பலவேசம் அவனை முறைத்துப் பார்த்ததை நாங்கள் ஜன்னலில் பார்த்தோம். வரும் பங்குனி வரைக்கும் நடத்துவது என்று முடிவாயிற்று. பங்குனிக்குப் பிறகு மறுபடி பேசுவார்களாம். மறுபடி போய் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு ஆயாக்கள் நிலையாக இருக்கிறார்கள். முறை வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். சுருளியின் முறை அடுத்த மாதம் ஏழாம் தேதி வருகிறது. இந்தத் தடவை யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, கல்யாணம் சாவு எதுவும் இல்லை. அப்படியானால் எதற்கு விட வேண்டும், வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டுமே என்று என் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு அம்மாவிடமே கேட்டேன். உனக்குப் பத்து நாள் வருகிறது, வேண்டுமா, வேண்டுமென்றால் என்ன செய்யப் போகிறாய் என்று.

இரண்டு நாள் கழித்து, நான் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "சந்தனத்தைப் போய்ப் பாத்துட்டு வரவா?" என்றாள்.

நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம், நீங்க மத்தியானம் போய் அவனுக்குக் கஞ்சி குடுங்க, உங்க பேச்சு கேட்டாத்தான் இப்ப குடிக்கிறான் என்றாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள்.

ஏழாம் தேதி காலையில் கம்பத்தில் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். நேராகக் கோயம்புத்தூர் போகிற வண்டிதான். கண்டக்டரிடமும் சொல்லி வைக்கிறேன். ஹாஸ்டலில் தங்க விடாவிட்டால் உன் தோழி வீட்டில் கேட்டு வை. அவளை ஊர் சுற்றிக் காட்ட வேண்டும் என்று அலைக்கழிக்காதே. தூங்கினால் தூங்கட்டும், எழுப்பாதே. சினிமா பார்க்க வேண்டும் என்றால் கூட்டிப் போ. சுருளியைப் பற்றி நீயாக ஒன்றும் கேட்காதே. அவளாகப் பேசினால் கேட்டுக்கொள். நடுவில் திரும்பிப் போகிறேன் என்று சொன்னால், அப்பா பத்து நாள் முடியாமல் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று சொல்.

பஸ் வருமுன்பே போய் நின்றுகொள் சந்தனம். அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர, பதினாலு வருஷத்தில் கையில் பிள்ளை இல்லாமல் அவள் ஊரைத் தாண்டியதும் இல்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பாள். நீ போய்ப் பிடித்துக்கொள்.

உங்கள் இருவருக்கும் நல்லதே நடக்கட்டும் என்று இங்கிருந்து நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா